இடிக்கப்பட்ட சென்னை அரசினர் மாளிகை: விருந்து மண்டபம் நிற்கிறது, வீடு எங்கே?

கூவக்கரையான்

ஓமந்தூரார் அரசினர் தோட்டத்துக்குள் இன்று நுழைபவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையின் வட்ட வடிவக் கட்டடங்கள்தாம். அவற்றுக்குப் பக்கத்தில், அகலமான படிக்கட்டும் வரிசைத் தூண்களுமாக ராஜாஜி மண்டபம் நிற்கிறது. அந்த மண்டபத்தைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ஆனால் அது தனித்து நிற்பதற்காகக் கட்டப்பட்டதன்று. ஒரு வீட்டுக்குரிய விருந்துக்கூடமாக, அந்த வீடு கட்டப்பட்டுப் பல ஆண்டுகள் கழித்துச் சேர்க்கப்பட்டது. அந்த வீடுதான் அரசினர் மாளிகை. சென்னை மாகாண ஆளுநர்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார்கள். புதிய சட்டமன்ற–தலைமைச் செயலக வளாகத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காக அது முழுவதுமாக இடிக்கப்பட்டது. வளாகம் 2010 மார்ச் 13 அன்று திறக்கப்பட்டபோது அந்த மாளிகையின் சுவடு தரையில் இல்லை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநர்களுக்குப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருப்பிடம் இருந்தபோதும், காற்றோட்டத்துக்காகவும் விருந்தினரை வரவேற்பதற்காகவும் வெளியே ஒரு தோட்ட வீடு வைத்துக்கொள்ளும் வழக்கம் 17-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. முந்தைய தோட்ட வீடு கோட்டைக்கு மேற்கே, இன்று பொது மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரியும் உள்ள பக்கத்தில் இருந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்து, 1749 வரை வைத்திருந்த காலத்தில் அதைத் தரைமட்டமாக்கினார்கள். நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பிய பிறகும் கம்பெனியின் தலைமையிடம் சில ஆண்டுகள் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையிலேயே இருந்தது. 1752-இல் அது சென்னைக்கு மாறியபோது ஆளுநர் தாமஸ் சாண்டர்ஸுக்கு ஒரு தோட்ட வீடு தேவைப்பட்டது. கூவத்தின் தென்கரையில், சேப்பாக்கத்தை ஒட்டி, போர்ச்சுகீசிய வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த அன்டோனியா டி மதேரோஸ் என்ற பெண்மணிக்கு ஒரு வீடு இருந்தது. 1753-இல் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. பின்னாளில் ஆளுநர்கள் அதை விரிவுபடுத்திக்கொண்டே போனார்கள். அந்த வீட்டின் உடல்தான் கடைசிவரை உள்ளே இருந்தது.

ஆக, போனது பழையது. நிற்பது அதற்கு அரை நூற்றாண்டு இளையது. இளையதைக் காத்து மூத்ததை இடித்தோம் என்ற இந்த முரண்பாடு பெரிதாகப் பேசப்படவே இல்லை. ஏன் என்பதை இங்கே விவாதிக்கலாம் என்று நினைக்கிறேன்.

வாலாஜா சாலை

நல்ல தொடக்கம், ஐயா. மண்டபத்தின் கதையை நான் தொடர்கிறேன், ஏனெனில் வீட்டின் தலைவிதியை அதுவே தீர்மானித்தது என்பது என் கணிப்பு.

1798 முதல் 1803 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவ், பிளாசிப் போரை வென்ற ராபர்ட் கிளைவின் மகன். அவர்தான் வீட்டைப் பெரிய அளவில் மாற்றிக் கட்டி, அருகில் விருந்து மண்டபத்தை எழுப்பினார். கட்டியவர் ஜான் கோல்டிங்ஹாம். இவர் தொழில்முறைக் கட்டடக் கலைஞர் அல்லர். கம்பெனியின் வானியலாளர், சென்னை வான் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாளர். பிற்காலத்தில் கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடப்படும் பீரங்கிகளின் வெளிச்சத்துக்கும் ஓசைக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து, ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டவரும் இவரே. 1802-இல் மண்டபம் திறக்கப்பட்டது. அதன் முக்கோண முகடுகளில் ஒன்று பிளாசியையும் மற்றொன்று 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டினத்தையும் நினைவுகூர்கின்றன. ஒன்று தந்தை வென்றது, மற்றொன்று மகன் ஆளுநராக இருந்தபோது வெல்லப்பட்டது. குடும்பப் பெருமையை அரசாங்கச் செலவில் எழுதிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்களும் இந்தச் செலவை ரசிக்கவில்லை. இதே ஆண்டுகளில் கல்கத்தாவில் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி எழுப்பிய மாளிகைக்கும் அதே வசவுதான் கிடைத்தது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். மண்டபம் தொடக்கத்திலிருந்தே பலர் கூடுவதற்கான இடம். 1938, 1939-ஆம் ஆண்டுகளில் சட்டமன்றம் அங்கே கூடியது. 1948-இல் ராஜாஜியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அண்ணா, ராஜாஜி, பெரியார், காமராசர், எம்.ஜி.ஆர். ஆகியோரின் உடல்கள் பொதுமக்கள் அஞ்சலிக்காக அந்தப் படிக்கட்டின் மேல்தான் வைக்கப்பட்டன. பின்னர் ஜெயலலிதாவுக்கும் கருணாநிதிக்கும் அப்படியே நடந்தது. ஊர் முழுவதும் ஏறி இறங்கிய படிகள் அவை. அதை இடிப்பதாக எந்தக் கட்சியும் வாய் திறக்க முடியாது. மாளிகையோ ஆளுநர்கள் இருந்தவரை காவலுக்குள் இருந்தது, அவர்கள் கிண்டிக்குப் போன பிறகு அரசு அலுவலகமானது. அதற்குள் போய்வந்த நினைவு யாருக்கும் இல்லை. நினைவு இல்லாத கட்டடத்துக்காக யார் தெருவில் இறங்குவார்கள்?

தஞ்சைச் செல்வி

வாலாஜா சாலை ஐயா சொல்வது சரி என்றாலும், நினைவு இல்லை என்பதை நான் முழுமையாக ஏற்கமாட்டேன். அந்த வீட்டோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு பெரிய நிகழ்ச்சி உண்டு. அது தஞ்சாவூரைப் பற்றியது என்பதால் எனக்குக் கூடுதல் அக்கறை.

1773-இல் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா, கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைக் கைப்பற்றி, மராட்டிய மன்னர் துளஜாவைச் சிறைவைத்தார். நாட்டை மன்னரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற லண்டன் ஆணையோடு, ஜார்ஜ் பிகட் பிரபு இரண்டாம் முறையாக ஆளுநராகி 1775-இல் சென்னைக்கு வந்தார். 1776-இல் தஞ்சாவூர் துளஜாவிடம் திரும்பியது. அங்கேதான் சிக்கல் வெடித்தது. நவாபுக்குக் கடன் கொடுத்திருந்த கம்பெனி ஊழியர்கள் பலர் இருந்தனர். அவர்களில் முதன்மையானவர் பால் பென்ஃபீல்டு. தஞ்சாவூரின் வருவாயும் விளைச்சலும் தனக்கு ஈடாக எழுதித் தரப்பட்டிருக்கின்றன என்று அவர் உரிமை கோரினார். காவிரிப் படுகையின் அறுவடையைச் சென்னையிலிருந்த ஒரு தனி மனிதர் தன் கடனுக்கு ஈடாகக் கேட்டார் என்பதை நிறுத்திப் படிக்க வேண்டும். பிகட் மறுத்தார்; ஆட்சிக்குழுவின் பெரும்பான்மை கடன் கொடுத்தவர்கள் பக்கம் நின்றது.

1776 ஆகஸ்ட் 24 அன்று மாலை, பிகட் கோட்டையிலிருந்து இந்தத் தோட்ட வீட்டுக்கு வண்டியில் புறப்பட்டார். கூடவே வண்டியில் உட்கார்ந்து வந்தவர் படைத் தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட். தீவுத்திடலைக் கடக்கும்போது ஸ்டூவர்ட்டின் ஏற்பாட்டின்படியே வண்டி மறிக்கப்பட்டு, ஆளுநர் கைது செய்யப்பட்டுப் பரங்கிமலைக்குக் கொண்டுபோகப்பட்டார். பல மாதக் காவலில் உடல்நலம் கெட்ட பிறகு அவரை இந்தத் தோட்ட வீட்டுக்கே மாற்றினார்கள். 1777 மே 11 அன்று அவர் இங்கேதான் இறந்தார். தாம் ஆளுநராகக் குடியிருந்த வீட்டில் கைதியாக உயிர்விட்ட ஒருவரின் கதை இது. சேப்பாக்கம் நவாபின் அரண்மனை இந்தத் தோட்டத்துக்கு அடுத்த மனையில் இருந்தது என்பதையும், அதைக் கட்டியவர் அதே பால் பென்ஃபீல்டு என்று பொதுவாகச் சொல்லப்படுவதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த இரண்டு மனைகளுக்குள் நடந்த பேரமே தென்னாட்டின் ஒரு தலைமுறைச் சரித்திரம் என்பது விளங்கும்.

பிகட் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. துளஜாவிடமிருந்து அவரும் ஆதாயம் எதிர்பார்த்தார் என்ற குற்றச்சாட்டு அப்போதே இருந்தது. ஆனால் இந்த நிகழ்ச்சியை மாணவர்களுக்குச் சொல்லும்போது இதுதான் அந்த வீடு என்று காட்ட ஒரு சுவர் இருந்திருக்கலாம்.

கூவக்கரையான்

செல்வி அம்மாவுக்கு நன்றி. பிகட்டைத் தொட்டுவிட்டதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவருடைய முதல் ஆட்சிக்காலத்தில், 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, இந்தத் தோட்ட வீடு பிரெஞ்சுப் படையின் கையில் சிக்கிச் சேதமடைந்தது. 1761-இல் புதுச்சேரி விழுந்ததும், அந்த ஊரையும் கோட்டையையும் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே எழுப்பிய ஆளுநர் மாளிகையையும் இடித்துத் தள்ள வைத்தவர் இதே பிகட். 1746-இல் சென்னைத் தோட்ட வீட்டுக்கு நேர்ந்ததற்கும் லாலி நகரைச் சுற்றிவளைத்ததற்கும் சேர்த்துப் பழிதீர்த்துக்கொண்டார்கள். கோட்டையிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துப்போன பல்லாவரத்துக் கருங்கல் தூண்கள் அந்த வெற்றிக்குப் பிறகுதான் சென்னைக்குத் திரும்பின. இன்றைய தலைமைச் செயலகத்தின் முகப்பில் நிற்பவை அவைதாம்.

ஆளுநர் மாளிகையை இடிப்பது இந்தக் கடற்கரைக்குப் புதிது அன்று என்பதற்காக இதைச் சொல்கிறேன். முன்பு பகைவன் இடித்தான். மூன்றாவது முறை நாமே டெண்டர் விட்டு இடித்தோம்.

எதிர்ப்பக்கம்

எல்லோரும் ஒரே திசையில் பேசுவதால் மறுபக்கத்தை நான் வைக்கிறேன். அந்நியன் வரிப்பணத்தில் கட்டி வாழ்ந்த வீட்டுக்கு இவ்வளவு ஒப்பாரி எதற்கு? பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்ட 1876–78 காலத்திலும் ஆளுநர் வீடாக இருந்தது இதுதான். விடுதலை பெற்ற நாட்டின் சட்டமன்றத்துக்காக அதை அகற்றியதில் தவறு காண்பது பழைய விசுவாசத்தின் மிச்சம். மேலும், அது அடுத்தடுத்து மாற்றிக் கட்டப்பட்ட வீடு என்று நீங்களே சொல்கிறீர்கள். 1753-இன் வீடு எவ்வளவு மிஞ்சியிருந்தது? அலுவலகமாக்கப்பட்டு, தடுப்புச் சுவர் போட்டு, வயர் இழுத்து, உருக்குலைந்த கட்டடத்தைப் பாரம்பரியம் என்று பிடித்துக்கொண்டு உட்கார முடியாது.

கொத்தனார் பேரன்

எதிர்ப்பக்கம் ஐயாவின் இரண்டாம் வாதத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலையில் இருப்பவன்.

அந்தக் காலத்து மாளிகைகளின் கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லப்படும் மட்டப்பா. தேக்கு உத்திரங்களின் மேல் குறுக்குக் கட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் அச்சுக்கற்கள் எனப்படும் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் காரை தடவிக் குத்துநிலையில், சுவருக்குக் கோணமாக ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே பலகை அடைப்பு எதுவும் கிடையாது. ஒரு கல் அடுத்த கல்லைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அடிக்கும் கட்டை துள்ளித் திரும்பும் வரை அடித்தால்தான் மேஸ்திரி விடுவார். கடைசியாகத் தட்டோடு பதித்து முடிப்பார்கள். இந்தத் தளத்தில் ஓர் உத்திரம் செல்லரித்தால் அதை மட்டும் முட்டுக்கொடுத்து மாற்ற முடியும். சுவர் கனமான செங்கல், பூச்சு சுண்ணாம்பு. இப்படிப்பட்ட கட்டடத்தில் தடுப்புச் சுவரும் வயரும் மேலே ஒட்டியவை. அவற்றை எடுத்துவிட்டால் உடம்பு அப்படியே இருக்கும். இத்தகைய வீடுகளைக் கெடுப்பது பெரும்பாலும் பராமரிப்பில்லாத மழைநீர்க் குழாயும், சுண்ணாம்புச் சுவருக்கு மேல் பூசும் சிமெண்டும்தான். சிமெண்டு ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். பிறகு கட்டடம் பலவீனமாகிவிட்டது என்று அறிக்கை வரும்.

இது ஏட்டுப் பேச்சு இல்லை. அடுத்த மனையிலேயே சாட்சி இருக்கிறது. சேப்பாக்கம் அரண்மனையின் கலசமகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரையெல்லாம் இடிந்து விழுந்தது. தீயணைப்புத் துறை அதிகாரி ஒருவர் அதில் உயிரிழந்தார். எரிந்து கூடாகிப்போன அந்தக் கட்டடத்தைப் பொதுப்பணித் துறை பழைய முறையிலேயே மீட்டெடுத்தது. இப்போது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே நடக்கிறது. பின்னர் ஹுமாயூன் மகாலும் சீராக்கப்பட்டது. எரிந்ததையே மீட்க முடிந்தவர்களுக்கு, கூரையோடு நின்றதை மீட்பது எப்படி முடியாமல் போயிருக்கும்?

தஞ்சைச் செல்வி

முதல் வாதத்துக்கு நான் சொல்கிறேன். 1876–78 பஞ்சத்தைக் குறிப்பிட்டீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதே கோபம் இருப்பவர்கள்தாம் அந்த வீட்டைக் காப்பாற்றக் கேட்டிருக்க வேண்டும். பஞ்சத்தின்போது மாகாணத்தை ஆண்டவர் எங்கே உட்கார்ந்திருந்தார், தஞ்சாவூர் நெல்லின் மேல் கணக்கு எழுதியவர்கள் எங்கே விருந்துண்டார்கள் என்று காட்டும் இடம் போய்விட்டால், மிஞ்சுவது அவர்கள் தங்களைத் தாங்களே புகழ்ந்துகொண்ட விருந்து மண்டபம் மட்டும்தான். பிளாசியும் ஸ்ரீரங்கப்பட்டினமும் பொறித்த முகடு பத்திரமாக இருக்கிறது. கைதான ஆளுநரின் அறை இல்லை. அடிமைச் சின்னத்தை அகற்றுவதுதான் நோக்கம் என்றால், தேர்வு நேர்மாறாக நடந்திருக்கிறது.

கட்டியவர்கள் நம் கொத்தர்கள் என்ற வாதத்தையும் சேர்க்கலாம். ஆனால் அது எல்லாக் கட்டடத்துக்கும் பொருந்தும் என்பதால் அதில் நான் அதிகம் சாய்வதில்லை.

வழக்குக்கட்டு

சட்டநிலையைப் பற்றி யாரும் பேசவில்லை. 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொன்மைச் சின்னங்கள் சட்டத்தின்படி, அரசு அறிவிக்கை செய்தால்தான் ஒரு கட்டடத்துக்குப் பாதுகாப்பு. கட்டடத்தின் உரிமையாளரும் அரசே, அறிவிக்க வேண்டியதும் அரசே, இடிப்பதும் அரசே என்றால் அந்தச் சட்டம் தானாக எழுந்துவராது. அண்ணா சாலையிலுள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிப்பதை எதிர்த்து நடந்த வழக்கில், பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காக்க ஒரு குழு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2010 ஏப்ரலில். பாரம்பரிய ஆணையச் சட்டம் வந்தது 2012-இல். புதிய சட்டமன்ற வளாகத்தின் திறப்பு விழா அந்தத் தீர்ப்புக்கு முந்தைய மாதமே நடந்து முடிந்துவிட்டது.

ஆனால் சட்டத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2003-இல் இராணி மேரி கல்லூரியை அகற்றி அங்கே தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அன்றைய அரசு அறிவித்தபோதும் இதே சட்டநிலைதான். மாணவிகள் போராடினார்கள், எதிர்க்கட்சிகள் திரண்டன, திட்டம் கைவிடப்பட்டது. வாலாஜா சாலை ஐயா சொன்னதை இந்த ஒப்பீடு நிறுவுகிறது. கல்லூரிக்கு ஆயிரக்கணக்கான முன்னாள் மாணவிகள் இருந்தார்கள். அரசினர் மாளிகைக்கு மாற்றலாகிப் போன அலுவலர்கள்தாம் இருந்தார்கள்.

எதிர்ப்பக்கம்

கொத்தனார் பேரன் சொன்ன கட்டட நுட்பத்தை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. செல்வி அம்மாவின் வாதம் கூர்மையானதுதான். இருந்தாலும் நடைமுறையில் அங்கே கைதியான ஆளுநரின் கதையையா எழுதி வைத்திருப்பார்கள்? பளபளப்பான பெயர்ப்பலகையும் ஆளுநர்களின் பட்டியலும்தான் வந்திருக்கும். கட்டடம் நின்றாலே வரலாறு பேசப்பட்டுவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஒன்றைக் கேட்கிறேன்: இடித்துக் கட்டிய வளாகம் என்ன ஆயிற்று?

வாலாஜா சாலை

அதைத்தான் சொல்ல வந்தேன். ஜெர்மானியக் கட்டடக் கலை நிறுவனம் வடிவமைத்த அந்த வளாகத்தில் சட்டமன்றம் ஓராண்டுக்குச் சற்று அதிகமாகத்தான் இருந்தது. 2011-இல் ஆட்சி மாறியதும் சட்டமன்றம் கோட்டைக்குத் திரும்பியது. கட்டடத்தை மருத்துவமனையாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. 2014 பிப்ரவரியில் மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று நாள்தோறும் ஏழைகள் சிகிச்சை பெறும் இடம் அது. அதில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மாளிகை எதற்காக இடிக்கப்பட்டதோ அந்தக் காரணம் மட்டும் அங்கே இல்லை. இதே தோட்டத்தில் 1952-இல் சட்டமன்றத்துக்காகக் கட்டிய கட்டடமும் சில ஆண்டுகளில் பாலர் அரங்கமாகி, பிறகு கலைவாணர் அரங்கமாகி, அதுவும் இடிக்கப்பட்டு 2016-இல் புதிதாக எழுந்தது. கொரோனாக் காலத்தில் சட்டமன்றம் அந்தப் புதிய அரங்கத்துக்கு மறுபடி வந்தது தனிக்கதை.

கூவக்கரையான்

எதிர்ப்பக்கம் நண்பரின் ஐயத்தில் நியாயம் உண்டு. மண்டபத்தில் மாட்டியிருந்த ஆளுநர்கள், தளபதிகளின் ஓவியங்களில் சிலவற்றைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். அவற்றின் கீழே பெயரும் ஆண்டும் இருக்கின்றன, தஞ்சாவூர் இல்லை.

மருத்துவமனையின் தோட்டப்பகுதியில் மாளிகை நின்ற இடத்தைத் தரையில் கற்கோடாகப் பதித்து, 1753, 1777, 1802 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் ஒவ்வொரு பத்தி எழுதிய ஒரு பலகை வைக்க வேண்டும் என்று கோரிக்கை மனு எழுதலாம் என்று இருக்கிறேன். பழைய நில அளவை வரைபடங்களில் வீட்டின் சுற்றுக்கோடு தெளிவாக உள்ளதால் அளவு எடுப்பது கடினமாக இராது. 1777-க்கான பத்தியைச் செல்வி அம்மா எழுதித் தந்தால் நலம். கைது, பென்ஃபீல்டின் கடன், தஞ்சாவூர் அறுவடை மூன்றும் அதில் இடம்பெற வேண்டும்.

தஞ்சைச் செல்வி

எழுதித் தருகிறேன், ஐயா. துளஜாவின் பெயரைப் பிகட்டின் பெயருக்கு முன்னால் போடுவேன். அதை மட்டும் மாற்றக் கூடாது.